பழைய டூ ஸ்ட்ரோக் ஓட்டோவைத் திருத்தி வன்னி மண்ணில் ஓட்டுவது: முழுமையான வழிகாட்டி

என்னுடைய ஓட்டோவுக்கு நான் செய்த முதல் வேலை பெயின்ற் அடித்தது. நல்ல சிவப்பு, புது றெக்சின் கூடாரம், முன்கண்ணாடியில் பிள்ளையார் ஸ்டிக்கர், எல்லாம் வடிவாகத்தான் இருந்தது. மூன்றாம் கிழமை ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணிப் பக்கம் போகும்போது, பின்னேரம் ஐந்தரை மணிக்கு, என்ஜின் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு அப்படியே இறுகி நின்றது. யானை றோட்டுக்கு வரும் நேரம். நல்லகாலம், உழுதுவிட்டுத் திரும்பிய உழவு இயந்திரக்காரர் ஒருவர் கயிறு போட்டு இழுத்து வந்தார். அடுத்த நாள் கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் முழுக்கக் கோடு கோடாகக் கிழிந்திருந்தது. காரணம், ஒரு பெயின்ற் தகரத்தின் விலைகூட இல்லாத ஒரு றப்பர் சீல்.

ஆகவே இந்த வழிகாட்டி நான் செய்த வரிசைக்கு நேரெதிரான வரிசையில் போகிறது. பெயின்ற் கடைசியில்தான் வரும்.

எந்த ஓட்டோ, எந்தப் புத்தகம்

வெளிநாட்டில் காடு மேடு ஓடுவதற்கென்றே மூன்று சில்லு வண்டி செய்தார்கள். ஹொண்டா 1970இல் யூஎஸ் 90 என்று கொண்டு வந்து பிறகு ஏடிசி 90 என்று பெயர் மாற்றியது, பலூன் மாதிரி ஊதிய ரயர், ஸ்பிரிங்கே கிடையாது. ஆட்கள் கவிழ்ந்து கவிழ்ந்து அடிபட்டதில் அமெரிக்காவில் 1987 கடைசியோடு மூன்று சில்லு வகையின் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அதெல்லாம் இங்கே நமக்குக் கிடைக்காது. நமக்குக் கிடைப்பது பின்னால் என்ஜின் வைத்த பஜாஜ் ஆர்ஈ டூ ஸ்ட்ரோக். சிலிண்டரின் உள் அகலம் (போர்) 57 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் தூரம் (ஸ்ட்ரோக்) 57 மில்லிமீற்றர், கணக்குப் பார்த்தால் 145.45 சிசி. முன்னுக்கு நாலு கியர், பின்னுக்கு ஒன்று. 2008 தொடக்கம் இலங்கைக்கு டூ ஸ்ட்ரோக் ஓட்டோ இறக்குமதி இல்லை என்பதால் நீங்கள் வாங்கப்போவது எதுவானாலும் வயது போனதுதான், 'ஒரே ஆள் ஓடினது' என்ற கதையை எல்லாம் நம்ப வேண்டாம்.

வாங்க முதல் சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் பதிவுப் புத்தகத்தோடு வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். வன்னியில் இதை நான் இரண்டு முறை சொல்லுவேன். 2009இல் புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் சனம் விட்டுவிட்டு வந்த வாகனங்கள் எத்தனையோ. அவற்றின் உதிரிகள் எங்கெங்கேயோ போய் யார் யாரிடமோ சேர்ந்திருக்கின்றன. ஒரு வண்டியின் உடம்பும் இன்னொரு வண்டியின் என்ஜினும் மூன்றாவது வண்டியின் புத்தகமும் சேர்ந்து ஒரு ஓட்டோவாக உங்கள் முன்னால் நிற்கலாம். நம்பர் தேய்த்திருந்தால், பதிந்த எழுத்துகளின் ஆழம் ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருந்தால், எவ்வளவு மலிவென்றாலும் திரும்பி வாருங்கள். வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போகும்போதோ பெயர் மாற்றும்போதோ மாட்டிக்கொள்ளப் போவது நீங்கள்தான். இன்னொரு விஷயம், கடற்கரைப் பக்கம், நந்திக்கடல் பக்கம் கிடந்த உடம்பென்றால் உப்பு உள்ளே இறங்கியிருக்கும், மேலே எவ்வளவு பெயின்ற் பளபளத்தாலும் சரி.

தகரத்தைத் தட்டிப் பாருங்கள்

ஓட்டோவுக்கு ஜீப் மாதிரித் தனியாகக் கனத்த சேசிஸ் இல்லை. தகரத்தை மடித்து ஒட்டிய அந்த உடம்புதான் சேசிஸ். அதனால் துரு என்பது இங்கே அழகுப் பிரச்சினை இல்லை. ஒரு சின்னச் சுத்தியல், ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். கால் வைக்கும் தரை, முன் சில்லின் மேல்வளைவு, பற்றரித் தட்டின் அடி, பின் சில்லைப் பிடிக்கும் கைகள் உடம்போடு சேரும் இடம், இவற்றைத் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்றால் தகரம், 'டப்' என்றால் பட்டி, அதாவது ஓட்டையை மறைக்கப் பூசும் பசை. கடைசியாகச் சொன்ன இடத்தில் ஸ்குரூ டிரைவர் உள்ளே போனால் அந்த வண்டி வேண்டாம். மற்ற இடங்களை வெட்டி எடுத்து 1.2 மில்லிமீற்றர் தகடு வைத்து வெல்டிங்கால் ஒட்டலாம். ஓட்டைக்கு மேலே பட்டி பூசுவது வேலையே இல்லை. ஒரு மாரிக்குக் காணும், அவ்வளவுதான்.

ஒட்டும்போது ஒரே இடத்தில் நீளமாகக் கோடு இழுக்க விடாதீர்கள், தகரம் நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று வைத்து ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். பற்றரி வயரைக் கழற்றிவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். பெற்றோல் தாங்கியை முதலே கழற்றித் தூரக் கொண்டுபோய் வையுங்கள்.

என்ஜின்: காற்று எங்கே களவாகப் போகிறது

இதுதான் முக்கியமான பகுதி, கொஞ்சம் நீளமாகப் போகும்.

டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் இருக்கும் அறையும் ஒரு பம்ப்தான். பெற்றோல், ஓயில், காற்று மூன்றும் அதற்குள்ளால்தான் மேலே போகின்றன. அந்த அறையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஓயில் சீல். மக்னற் (பிளக்குக்கு மின்சாரம் எடுக்கும் காந்தச் சில்லு) பக்கச் சீல் தேய்ந்தால் வெளிக்காற்று உள்ளே வரும், கலவை மெலியும், சூடு ஏறும், பிஸ்டன் இறுகும். எனக்கு நடந்தது அதுதான். கிளச் பக்கச் சீல் தேய்ந்தால் கியர் ஓயிலை உறிஞ்சும், பின்னால் வெள்ளைப் புகை போகும், கியர் ஓயில் அளவு காரணமில்லாமல் குறையும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் என்ஜின் உடனே இறங்காமல் இரைந்துகொண்டே நின்றால், பிளக்கைக் கழற்றிப் பார்க்க நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால், ஓட்டுவதை நிறுத்துங்கள். எனக்கு அந்த இரண்டு அறிகுறியும் இருந்தன. 'புது என்ஜின் மாதிரி இரையுது' என்று நானே சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

சீல் நல்லதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பழைய பிளக் ஒன்றின் பீங்கானைத் தட்டி எடுத்துவிட்டு, சைக்கிள் ரியூபின் வால்வை அதற்குள் வைத்துக் காற்றுப் போகாமல் எப்பொக்சியால் ஒட்டுங்கள். சைலன்சரையும் கார்பரேட்டரையும் கழற்றி, அந்த இரண்டு வாயையும் ரியூப் றப்பர் வெட்டிவைத்துத் தகடு போட்டு அடையுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, பிளக் ஓட்டையில் இந்த வால்வைப் பூட்டி, சைக்கிள் பம்பால் ஆறு பிஎஸ்ஐ அளவுக்கு மெல்ல அடியுங்கள். அதற்கு மேல் அடித்தால் நல்ல சீலையும் நீங்களே தள்ளி வெளியே விட்டுவிடுவீர்கள். ஒரு நிமிடத்தில் ஒரு பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக்கூடாது. இறங்கினால் சவர்க்காரத் தண்ணீரைப் பொருத்து ஒவ்வொன்றிலும் தடவிப் பாருங்கள், குமிழி வரும் இடத்தில் களவு இருக்கிறது. குமிழி வெளியே எங்கும் வராமல் காற்று மட்டும் இறங்கினால், கியர் பெட்டியின் ஓயில் மூடியைத் திறந்து காதை வையுங்கள்.

எனக்கு இந்த வித்தையைச் சொல்லித்தந்தவர் விசுவமடுவில் ஒரு வயதான மெக்கானிக். "தம்பி, கழட்டுறதுக்கு முதல் ஊதிப் பார். கழட்டின பிறகு எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும்" என்றார். என்ஜினை முழுக்கப் பிரிக்கிறீர்கள் என்றால், சீல் நல்லாக இருந்தாலும் இரண்டையும் மாற்றிவிடுங்கள். இரண்டாம் தரம் என்ஜினைப் பிரிக்கிற கூலியோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை.

சிலிண்டரில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் தட்டுப்பட்டால் போர் அடிக்கத்தான், அதாவது சிலிண்டரை லேத்தில் கொஞ்சம் அகலமாகக் கடையத்தான் வேண்டும். 0.25, 0.50 என்று ஓவர்சைஸ் பிஸ்டன் வரும். பிஸ்டனை முதலில் வாங்கி, அதையும் சிலிண்டரையும் சேர்த்து லேத்துக்குக் கொண்டுபோங்கள். முதலில் போர் அடித்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடினால் அந்த இடைவெளிக்கு யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள். போர் அடித்து வந்ததும் உள்ளே கலவையும் புகையும் போகும் ஜன்னல்களின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். மென்மையான அரத்தால் அந்த ஓரத்தை இலேசாகச் சரித்து விடுங்கள், இல்லாவிட்டால் றிங் அதில் மாட்டி உடையும். றிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து வாயின் இடைவெளியைப் பார்த்தால் 0.2 முதல் 0.3 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும்.

அடுத்தது, என்ஜினை மூடியிருக்கும் அந்தத் தகரக் கவசம். மக்னற்றில் உள்ள விசிறி அடிக்கிற காற்றை அந்தக் கவசம்தான் சிலிண்டரின் இதழ்களுக்குள்ளால் அனுப்புகிறது. 'திறந்து விட்டால் நல்லாக் காத்துப் படும்' என்று அதைக் கழற்றி எறிந்த ஓட்டோ எத்தனையோ பார்த்திருக்கிறேன். அது பிழை. கவசம் இல்லாவிட்டால் விசிறிக் காற்று சும்மா வெளியே போகும், என்ஜின் வேகும். உங்கள் வண்டியில் இல்லையென்றால் பழைய இரும்புக் கடையில் தேடி எடுத்துப் பூட்டுங்கள். கனகாலம் நின்ற வண்டியென்றால் கவசத்துக்குள் எலி கூடு கட்டியிருக்கும். என்னுடையதில் வைக்கோலோடு ஒரு பிள்ளையின் காலுறையும் இருந்தது.

பெற்றோல், ஓயில், நெருப்பு

தாங்கிக்குள் துரு என்றால் ஒரு பிடி நட்டும் வினாகிரியும் போட்டுக் குலுக்கி, ஒரு நாள் ஊறவிட்டு, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். கார்பரேட்டர் ஜெட்டை, அதாவது பெற்றோல் பாயும் அந்தச் சின்ன ஓட்டையை, கம்பியால் குத்தாதீர்கள். ஓட்டை பெருத்தால் அது வேறு ஜெட். ஊதித்தான் எடுக்க வேண்டும்.

டூ ரி ஓயில் ஒரு லீற்றருக்கு 20 மில்லி. போர் அடித்த என்ஜினுக்கு முதல் 500 கிலோமீற்றருக்கு 30 மில்லி. கண்மட்டத்துக்கு ஊற்றும் பழக்கம் நம்மிடம் நிறைய. போர்க்காலத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது சூப்பிப் போத்தலால் கார்பரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் பீச்சி ஸ்டார்ட் செய்துவிட்டு மண்ணெண்ணெயில் ஓடிய ஆட்கள் நாங்கள், எதையும் ஊற்றி ஓட்டலாம் என்ற துணிவு அப்போது வந்தது. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் என்று கொடுத்தபோதும் அந்தத் துணிவு திரும்பி வந்தது. டூ ஸ்ட்ரோக்கில் அதைச் செய்யாதீர்கள். மண்ணெண்ணெய் கலந்தால் தட்டும், சூடு ஏறும். ஓயிலையும் தாங்கிக்குள் நேரே ஊற்றாமல் போத்தலில் கலந்து குலுக்கி ஊற்றுங்கள். கனநாள் நின்ற வண்டியென்றால் எடுக்க முதல் உடம்பை இரண்டு ஆட்டு ஆட்டுங்கள்.

பிளக் இடைவெளி 0.6 மில்லிமீற்றர். பொயின்ற் (பிளக் பொறிக்காக மின்சாரத்தை வெட்டும் சுவிச்சு) வைத்த பழைய மொடல் என்றால் அதன் இடைவெளி 0.3 முதல் 0.5க்குள். வயரை எலி கடித்திருக்கும். அங்கே இங்கே டேப் சுற்றாமல் முழு வயர்க் கட்டையும் மாற்றினால் நிம்மதி.

சைலன்சரைக் கட்டாயம் பாருங்கள். பழைய ஓயில் கரி உள்ளே அடைத்து நின்றால் எவ்வளவு நல்ல என்ஜினும் மூச்சு விடாது. விறகடுப்பில் வைத்துச் சுட்டு, ஆறியதும் தட்டினால் கொட்டும். வீட்டுக்குப் பின்னால் செய்யுங்கள், அந்தப் புகை உடுப்பில் ஏறினால் இலேசில் போகாது.

புழுதிதான் வன்னியின் பெரிய எதிரி. ஆடி ஆவணியில் கச்சான் காற்றுக்குக் கிரவல் றோட்டில் ஒரு டிப்பருக்குப் பின்னால் போனால் உங்கள் கண்ணிமை சிவக்கும், அதே மண்தான் என்ஜினுக்குள்ளும் போகிறது. எயர் பில்டரின் பெட்டி மூடி சரியாக இறுகுகிறதா, பெட்டியிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் றப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பில்டர் புதிது, குழாய் வெடிப்பு என்றால் பில்டர் இல்லாத மாதிரித்தான். கோடையில் நான் கிழமைக்கு ஒருக்கால் கழற்றித் தட்டுவேன்.

கால்களும் பிறேக்கும்

முன்பக்கத்தைக் கல்லில் ஏற்றிவைத்து ஹாண்டிலை மெல்லத் திருப்பிப் பாருங்கள். நடுவில் 'கட்' என்று விழுந்தால் ஹாண்டில் சுழலும் பெயாரிங், அதாவது கோன் செட், போய்விட்டது. முன் சில்லைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் புஷ் ஆடுவது தெரியும். பின்னால், கியர் பெட்டியிலிருந்து இரண்டு சில்லுக்கும் போகும் எக்சலின் றப்பர் உறை கிழிந்திருக்கிறதா பாருங்கள். கிழிசலுக்குள் களியும் மணலும் போனால் ஒரே மாரியில் எக்சல் அரைந்துவிடும். பிறேக் சிலிண்டர் றப்பர்களை எல்லாம் மாற்றி, புது பிறேக் ஓயில் ஊற்றி, காற்று எடுங்கள். இதில் மட்டும் 'இப்ப ஓடட்டும், பிறகு பார்ப்பம்' வேண்டாம்.

ரயர் அளவு 4.00-8. இதே அளவில் கை உழவு இயந்திரத்துக்கு வரும் பல் ரயரும் உண்டு, சேற்றில் நன்றாகப் பிடிக்கும். நான் ஒரு முறை பூட்டிப் பார்த்தேன், ஏ9இல் ஏறியதும் பல்லெல்லாம் ஆடியது, கழற்றிவிட்டேன். ஸ்பிரிங்குக்குக் கீழே கட்டை வைத்து உடம்பை உயர்த்தும் வேலையும் வேண்டாம். காரணம் கீழே.

ஓட்டம்

முதல் நாள் ஸ்டார்ட் செய்து கை பொறுக்கும் சூடு வரும்வரை விட்டு நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு, மூன்று தரம் அப்படிச் செய்யுங்கள். ஆறியதும் சிலிண்டர் தலையின் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். முதல் 500 கிலோமீற்றர் ஆள் ஏற்றாமல், 40க்கு மேல் போகாமல். பரந்தன் முல்லைத்தீவு றோட்டு இதற்கு நல்லது, மேடு பள்ளம் இல்லை. வேகமாகப் போய் ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு கியரில் நீளமாக உருளவிடாதீர்கள். பெற்றோல் போகாவிட்டால் ஓயிலும் போகாது, இந்த என்ஜினில் இரண்டும் ஒரே வழி.

அப்புறம் மண். ஓட்டோவின் மூன்று சில்லுக்கும் இடையில் ஒரு கோடு இழுத்தால் முக்கோணம் வரும், முனை முன்னால். நீங்கள் வளைவில் பிறேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்கும் வெளிப்பக்கமும் சரிகிறது. அந்த மூலையில் சில்லே இல்லை. கவிழும் ஓட்டோ அனேகமாக இப்படித்தான் கவிழ்கிறது. ஆகவே நேராகப் போகும்போதே வேகத்தைக் குறைத்து, பிறேக்கை விட்டு, பிறகு திருப்புங்கள். உடம்பை உயர்த்தினால் இந்தச் சரிவு இன்னும் மோசமாகும். குளக்கட்டில் ஏறும்போதும் சரிவாக ஏறாமல் நேராக ஏறுங்கள்.

மாட்டு வண்டிச் சில்லு பெரிது, சின்னப் பள்ளம் அதற்குத் தெரியாது. உங்கள் சில்லு ரயரோடு சேர்த்து 16 அங்குலம்தான், ஒவ்வொரு கிடங்கிலும் உள்ளே விழுந்து ஏறும். அதோடு உழவு இயந்திரம் போட்ட இரண்டு தடத்துக்கு நடுவில் உங்கள் முன் சில்லு ஓடும், அங்கேதான் கல்லும் வேரும் நிற்கும். நான் ஒரு பின் சில்லைத் தடத்திலும் முன் சில்லைத் தடத்தின் ஓரத்திலும் வைத்து ஓட்டுவேன்.

சேற்றில் ஒரு பின் சில்லு சும்மா சுற்றும், மற்றது அசையாது. இரண்டு பின் சில்லையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிபரன்சல் இருப்பதால் வரும் வினை. அப்போது ஆக்சிலேட்டரை முறுக்காதீர்கள், கிடங்குதான் ஆழமாகும். கூட வந்தவரைச் சுற்றுகிற சில்லுக்கு மேலே பாரம் விழும்படி உட்காரச் சொல்லுங்கள், கால் பிறேக்கை இலேசாகப் பிடித்துக்கொண்டே மெல்ல ஆக்சிலேட்டர் கொடுங்கள். சுற்றும் சில்லை பிறேக் பிடிக்க, மற்றச் சில்லுக்கும் இழுவை போகும். பாதி நேரம் இது போதும். மிச்சப் பாதிக்கு இரண்டு சாக்கும் ஒரு மண்வெட்டியும். முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் ரயர் காற்றைக் கொஞ்சம் இறக்கலாம், 20 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் ரியூப் சுழன்று வால்வைப் பிய்த்துவிடும். பம்பையும் கொண்டுபோங்கள், தார் றோட்டில் ஏற முதல் அடிக்க வேண்டும்.

கார்த்திகை மார்கழியில் குளம் வான் பாய்ந்து றோட்டைக் கடக்கும் இடங்களில் இறங்கி நடந்து பாருங்கள். தண்ணீர் சில்லின் நடுவுக்கு மேலே, அதாவது எட்டு அங்குலத்துக்கு மேலே என்றால் திரும்புங்கள். போவதென்றால் முதல் கியரில், ஆக்சிலேட்டரைக் கைவிடாமல். கரையேறியதும் பிறேக்கை இலேசாகப் பிடித்துக்கொண்டு கொஞ்சத் தூரம் ஓட்டிக் காயவையுங்கள்.

தெரிந்த பாதையை விட்டு இறங்க வேண்டாம். பாலைப்பழ மரம் ஒன்று உள்ளே தெரிகிறதென்றாலும், மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லையென்றாலும் இறங்க வேண்டாம். மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் எத்தனையோ வருடமாக நடக்கிறது, மழைக்கு மண் அரித்தால் பழையது மேலே வரும். சந்தேகமாக ஏதாவது கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே பின்னோக்கி வந்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். யானைக்காக, நான்கு மணிக்கு முதல் காட்டு றோட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஆசனத்துக்குக் கீழே நான் வைத்திருப்பது: இரண்டு பிளக், பிளக் சாவி, கிளச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், ஒரு ரியூப், கலந்த பெற்றோல் ஒரு லீற்றர், கயிறு, சாக்கு, தண்ணீர்.

வீட்டுக்கு வந்ததும் பின் சில்லுகளின் உட்பக்கத்தையும் எக்சல் உறையையும் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். களி காய்ந்தால் அலவாங்கு வேண்டும். இப்படி ஒரு கோடையும் ஒரு மாரியும் ஓடி, சீல் பிடிக்கிறது, தகரம் புதிதாகத் துருப்பிடிக்கவில்லை என்று கண்ட பிறகு பெயின்ற் வாங்குங்கள். என்னுடையது இப்போது பாதி சிவப்பு, பாதி துருத்தடுப்புச் சாம்பல். தைப்பொங்கலுக்கு அடிப்பதாக இருக்கிறேன்.